ஸனது அறுந்த பட்டம் நமக்கு வேண்டாம்

 

தேர்வு முடிவுகள் வெளியாகும் மாதங்களில் நம் மஹல்லாக்களில் மூன்று குரல்கள் தவறாமல் ஒலிக்கின்றன. "நேரில் கல்லூரிக்குப் போய்ப் படித்தால்தான் அது படிப்பு, வீட்டிலிருந்து படிப்பதெல்லாம் ஒரு படிப்பா?" என்பது முதற்குரல். "இவ்வளவு அலைச்சல் எதற்கு? பணத்தைக் கட்டினால் ஆறு மாதத்தில் எம்.ஏ. கைக்கு வந்துவிடும்" என்பது இரண்டாவது. "ஓதிய பிள்ளைக்கு உலகப் பட்டம் எதற்கு?" என்பது மூன்றாவது.

முதற்குரல் நம் பெண்மக்களின் முன்னால் கதவை அடைக்கிறது. இரண்டாவது குரல் நம் வாலிபர்களைப் பொய்ச்சாட்சியத்தின் பக்கம் இழுத்துச் செல்கிறது. மூன்றாவது குரல் நம் ஆலிம்களை, அவர்களுக்கு உரிமையுள்ள இடங்களுக்கு வெளியே நிறுத்தி வைக்கிறது. மூன்றும் வெவ்வேறு வாய்களிலிருந்து வந்தாலும் விளைவு ஒன்றே: முதுநிலைப் பட்டம் பெற்ற முஸ்லிம் அரிதாகிப் போகிறான். நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு 2006ஆம் ஆண்டு அளித்த அறிக்கையில், நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலை மாணவர்களில் 25 பேருக்கு ஒருவரும், முதுநிலை மாணவர்களில் 50 பேருக்கு ஒருவருமே முஸ்லிம்கள் என்று எழுதியது. இளநிலையிலிருந்து முதுநிலைக்குச் செல்லும் ஒரே படியில் நம் பங்கு பாதியாகச் சுருங்குகிறது என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. அந்தப் படியைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

நாம் சொல்ல வருவது சுருக்கமானது. முதுநிலைப் பட்டத்தை அடைய வழிகள் பல உண்டு. அவற்றுள் எதையும் இழிவாகப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அவ்வழிகள் அனைத்துக்கும் படிகள் ஒன்றே. அவற்றுள் எதையும் தாண்டிக் குதிக்க எவருக்கும் அனுமதியில்லை.

ஸனது என்னும் சொல்

மதரஸாவில் ஏழாண்டுகள் ஓதி முடித்த மாணவருக்குத் தலைப்பாகை கட்டி, மேடையில் வைத்து நாம் வழங்கும் தாளுக்கு "ஸனது" என்று பெயர். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசைக்கும் அதே பெயர்தான். இது தற்செயலன்று. இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார், அவரிடமிருந்து இவர் கேட்டார் என்று இடைவெளியில்லாமல் தொடரும் சங்கிலிக்குத்தான் நம் முன்னோர் மதிப்பளித்தனர். ஒரு ஹதீஸின் வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வரிசையின் நடுவே ஒருவர் விடுபட்டிருந்தால் அதற்கு "முன்கதிஃ" என்று பெயரிட்டு பலவீனமானவற்றோடு சேர்த்து வைத்தார்கள். கடைசியில் நிற்பவர் எவ்வளவு பெரிய மனிதர் என்பது அந்த இடைவெளியை நிரப்பிவிடாது.

பட்டங்களுக்கும் ஒரு ஸனது உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டு இளநிலைப் பட்டம், அதன்பின் ஈராண்டு முதுநிலைப் பட்டம் என்பதே அந்த வரிசை. இதில் ஒரு கண்ணி அறுந்தால், கடைசியில் தொங்கும் எம்.ஏ. எவ்வளவு பொன்னெழுத்தில் அச்சிடப்பட்டிருந்தாலும் அது "முன்கதிஃ" ஆகிவிடுகிறது. மதரஸாவில் இந்தப் பாடத்தை நடத்திவிட்டு, வெளியே வந்து அறுந்த ஸனதைத் தேடிப் போவது எந்த வகை நியாயம்?

நீதிமன்றம் சொன்னதும் அரசு சொன்னதும்

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் திறந்தநிலைத் திட்டம் என்ற பெயரில், பள்ளிப் படிப்பையோ இளநிலைப் பட்டத்தையோ கேட்காமல், வயதை மட்டும் பார்த்து நேரடியாக முதுநிலையில் சேர்க்கும் வழக்கம் இருந்தது. ஓதுவதற்காகப் பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கும், குடும்பச் சுமையால் படிப்பை நிறுத்தியவர்களுக்கும் அது பெரிய வாய்ப்பாகத் தோன்றியது. பலர் நல்ல நோக்கத்தோடு சேர்ந்தார்கள். உண்மையாகவே படித்துத் தேர்வெழுதினார்கள்.

ஆனால் யு.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 1985ஆம் ஆண்டிலேயே, மூன்றாண்டு இளநிலைப் பட்டம் இல்லாமல் முதுநிலைப் பட்டம் இல்லை என்று விதி வகுத்திருந்தது. தமிழ்நாட்டு அரசின் திரைப்படப் பயிற்சி நிறுவனத்து முதல்வர் பதவி தொடர்பாக எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுநிலைப் பட்டம் அந்த விதிக்கு முரணானது என்று 2009 பிப்ரவரியில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் தமிழ்நாடு அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 107ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் பெற்ற பட்டங்களே அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்பது அதன் சாரம்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அரசாணை திறந்தநிலைப் படிப்பைத் தள்ளவில்லை. வரிசை அறுந்த படிப்பைத்தான் தள்ளியது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் நம் மக்களில் ஒரு சாரார் "தொலைநிலைப் படிப்பு எங்கும் செல்லாது" என்று ஒதுங்கினர். மறுசாரார் "எப்படி வாங்கினாலும் எம்.ஏ. எம்.ஏ.தான்" என்று ஏமாந்தனர். பட்டத்தை முதலில் வாங்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பைப் பின்னால் எழுதி வரிசையை மாற்றி வைத்தவர்களும் நீதிமன்றப் படியேறி நிற்க நேர்ந்தது.

வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பதால், கையில் சான்றிதழ்க் கோப்போடு வேலூர் சாலையில் இறங்கி நடப்பவர்களை நாம் அன்றாடம் பார்க்கிறோம். லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு வரும்போது சிலர் அந்தக் கோப்பை நம்மிடம் நீட்டுவார்கள். அதில் முதுநிலைப் பட்டம் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இருக்காது. "இது ஒன்றுதான் ஹஜ்ரத் இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது" என்பார்கள். இல்லாத அந்த ஒன்றுதான் இருக்கின்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்க வேண்டிய தூண் என்பதை அவர்களுக்கு எவரும் உரிய வயதில் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதற்காகப் போராடியவர்களை மேடைதோறும் பாராட்டுகிறோம். ஆனால் ஒதுக்கீடு என்பது இடத்தைத்தான் தரும், தகுதியைத் தராது. அந்த இடத்தில் அமர வேண்டியவரின் கோப்பில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், போராடிப் பெற்ற உரிமை நம் கண்ணெதிரே வீணாகும்.

தரகர்களுக்கு நம் பதில்

இப்போது இரண்டாவது குரலுக்கு வருவோம். பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும், ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் கையில் திணிக்கப்படும் துண்டறிக்கைகளிலும் அந்தக் குரல் கேட்கிறது. "ஒரே தடவையில் பட்டம்", "பழைய ஆண்டுத் தேதியிலும் கிடைக்கும்", "தேர்வுக்கு நேரில் வர வேண்டியதில்லை" என்கிறார்கள். பெயர் கேட்டிராத ஏதோ ஒரு வடமாநிலப் பல்கலைக்கழகத்தின் முத்திரையைக் காட்டுகிறார்கள்.

ஒரு தந்தை நம்மிடம் வந்தார். தள்ளுவண்டியில் பழ வியாபாரம் செய்பவர். மனைவியின் நகையை அடகு வைத்து மகனுக்கு இப்படியொரு முதுநிலைப் பட்டத்தை வாங்கிக் கொடுத்திருந்தார். மகன் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தான். சில மாதங்களில் உண்மைத்தன்மைச் சான்று கேட்டார்கள். பட்டத்தைக் கொடுத்த இடத்திலிருந்து அப்படியொரு மாணவரே பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தது. வேலை போயிற்று, ஊரில் முகம் காட்ட முடியாமல் பையன் வெளியூர் போய்விட்டான். "நான் தப்பு செய்யவில்லையே ஹஜ்ரத், பணம் கட்டித்தானே வாங்கினேன்" என்று அந்த அத்தா கேட்டார். அவருடைய கண்ணீர் உண்மையானது. அந்தத் தரகரோ இன்றும் வேறொரு தெருவில் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

பொய்ச்சாட்சியம் பெரும்பாவங்களில் ஒன்று என்று மக்தப் பிள்ளைகளுக்கே நாம் கற்பிக்கிறோம். படிக்காததைப் படித்ததாகவும், எழுதாத தேர்வை எழுதியதாகவும் சொல்லும் தாள், எழுத்தில் அமைந்த பொய்ச்சாட்சியம் அல்லாமல் வேறென்ன? நீதிமன்றக் கூண்டில் நின்று சொன்னால்தான் பொய்ச்சாட்சியம், பணிக்கான விண்ணப்பத்தோடு இணைத்தால் அது சாமர்த்தியம் என்று எந்த மத்ஹபில் எழுதியிருக்கிறது? இது போக, அதே பணிக்கு நேர்மையாகப் படித்துவிட்டு வரிசையில் நிற்கும் இன்னொருவரின் ரிஸ்க்கில் கை வைப்பதும் இதில் அடங்கியிருக்கிறது. அப்படிப் பெற்ற பணியின் ஊதியம் ஆகுமானதா என்று முஃப்தியிடம் போய்க் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்துக்கு ஏன் போகிறீர்கள் என்பதே நம் கேள்வி.

"பிழைப்புக்கு வேறு வழியில்லை" என்பார்கள். வழி இல்லாவிட்டால் அந்தப் பேச்சில் ஒரு பரிதாபமாவது இருக்கும். ஆனால் வழிகள் திறந்தே இருக்கின்றன. அவை தரகர் கேட்கும் தொகையைவிட மலிவாகவும் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்போம்.

திறந்திருக்கும் வாசல்கள்

முதல் வாசல், நேரில் சென்று படிக்கும் கல்லூரி. திருவண்ணாமலையிலேயே 1966ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. முதுநிலை வகுப்புகளும் அங்கே உண்டு. 2002இல் உருவான திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி அது. நம் முன்னோர் உண்டியல் குலுக்கியும் சொத்துகளை வக்ஃபு செய்தும் எழுப்பிய நிறுவனங்களும் நம் எட்டும் தொலைவில் இருக்கின்றன. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இலும், மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும் எழுந்தன. சற்றுத் தொலைவில் சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் 1951 முதல் இயங்குகின்றன. அவ்விரண்டிலும் அரபி மொழியில் முதுநிலை வரை படிக்கலாம்.

இரண்டாவது வாசல், தொலைநிலைக் கல்வி. சென்னைப் பல்கலைக்கழகம் 1981 முதலே அஞ்சல்வழிக் கல்வி நடத்துகிறது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன. பாட நூல்கள் வீடு தேடி வரும்; ஒப்படைப்புகளை எழுதி அனுப்ப வேண்டும்; தேர்வை மட்டும் மையத்தில் நேரில் எழுத வேண்டும். இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிப்பை இரண்டு ஆண்டுகளில் முடிக்கலாம். முடியாதவர்கள் நான்கு ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ளலாம். கடையில் நின்றுகொண்டே படிப்பவருக்கும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கும் இந்த நான்காண்டு அவகாசம் சிறிய சலுகையன்று.

மூன்றாவது வாசல், இணையவழிப் படிப்பு. யு.ஜி.சி. அனுமதித்த பல்கலைக்கழகங்கள் நடத்தும் முழு இணையவழி முதுநிலைப் படிப்புகள் இப்போது உண்டு. நான்காவது, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நேரடியாகச் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்பு. 2009இல் தொடங்கிய திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அது கிடைக்கிறது. ஐந்தாவதாக, நான்காண்டு இளநிலை முடித்தவர்களுக்கு ஓராண்டு முதுநிலை என்ற முறையை யு.ஜி.சி. 2024இல் வகுத்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் மூன்றும் இரண்டும் சேர்ந்த பழைய முறையே நடைமுறையில் இருப்பதால், நம் பிள்ளைகள் இதை எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை.

இவற்றுள் எந்த வாசல் உயர்ந்தது? முதற்குரல்காரர்கள் இங்கேதான் பிழை செய்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையிலோ இணையவழியிலோ பெற்ற பட்டம், நேரில் படித்துப் பெற்ற பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் மீண்டும் தெளிவாக அறிவித்துவிட்டது. தேசியத் தகுதித் தேர்வான நெட், மாநிலத் தகுதித் தேர்வான செட், முனைவர் பட்ட ஆய்வு ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தப் பட்டத்தோடு செல்லலாம். சட்டம் சமம் என்று சொன்ன பிறகும், திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "அதெல்லாம் ஒரு படிப்பா" என்று கேட்பவர்கள், படிப்பை அளக்கவில்லை. பயணச் செலவை அளக்கிறார்கள்.

நேரில் படிப்பதில் நன்மை இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆசிரியரின் முன்னால் மண்டியிட்டு அமர்ந்து கற்பதன் அருமை மதரஸாக்காரர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூலகம், சக மாணவர், ஆய்வேட்டுக்கு வழிகாட்டும் பேராசிரியர் ஆகியவை கல்லூரியில் எளிதில் அமைகின்றன. ஆய்வில் நாட்டமுள்ளவர் இயன்றவரை அந்த வழியையே தேட வேண்டும். ஆனால் இயலாதவருக்கு அந்த நன்மையைச் சொல்லிச் சொல்லியே இருக்கிற வழியையும் அடைப்பது அறிவுரையாகாது.

பெண்மக்களின் உரிமை

இந்த அடைப்பில் முதலில் சிக்குபவர்கள் நம் பெண்பிள்ளைகள். இளநிலை முடித்ததும் நிகாஹ். அதன்பின் கணவர் வீடு, குழந்தைகள். "தினமும் பேருந்தில் அனுப்ப முடியாது" என்று ஒருபக்கம் கல்லூரிக்குத் தடை. "வீட்டிலிருந்து படித்தால் மதிப்பில்லை" என்று மறுபக்கம் தொலைநிலைக்கும் தடை. இரண்டு தடைகளையும் ஒரே வாயால் சொல்பவர், அந்தப் பெண் படிக்கக் கூடாது என்பதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார்.

அவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறோம். மர்வ் நகரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கரீமா பின்த் அஹ்மத் அல்மர்வஸிய்யா, ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் அமர்ந்து ஸஹீஹுல் புகாரியைப் பாடம் நடத்தினார். கதீப் அல்பக்தாதீ போன்ற பேரறிஞர்கள் அவரிடம் கேட்டுக் கற்றார்கள். புகாரியின் அறிவிப்பு வரிசைகளில் அப்பெண்மணி ஓர் அறுபடாத கண்ணி. பெண்ணைக் கண்ணியாக ஏற்ற ஒரு கல்வி மரபின் வாரிசுகள், தம் வீட்டு மகளின் எம்.ஏ. புத்தகம் சமையலறை அலமாரியில் இருப்பதைக் கண்டு ஏன் சலித்துக்கொள்ள வேண்டும்?

கணவன்மாருக்கும் மாமியார்களுக்கும் நாம் கேட்பது பெரிய தியாகமன்று. ஆண்டுக்குச் சில நாள்கள், தேர்வு நடக்கும் வேளையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு மையத்துக்கு அழைத்துச் சென்று வாருங்கள். அவ்வளவே போதும்.

ஓதிய பிள்ளைக்கு எதற்கு?

மூன்றாவது குரல் நம் மதரஸா வளாகங்களுக்குள்ளேயே ஒலிப்பதால், இதற்கு மறுமொழி சொல்லும் கடமை மதரஸா ஆசிரியர்களுக்கே அதிகம். "இல்முக்காக ஓதுகிறோம், பட்டத்துக்காக அன்று" என்கிறார்கள். நிய்யத்து தூய்மையாக இருக்க வேண்டும் என்பதில் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எல்லா ஆலிமும் எம்.ஏ. முடிக்க வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. மிம்பரில் நின்று மக்களை நேர்வழிப்படுத்தும் ஓர் இமாமின் தகுதி எந்தப் பல்கலைக்கழகத்தின் கையெழுத்திலும் இல்லை.

ஆனால் எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடித்த சிறுவன் ஓதுவதற்காக வருகிறான். ஹிஃப்ழோடு ஏழாண்டு ஆலிம் படிப்பும் முடித்து இருபத்திரண்டு வயதில் வெளியே போகிறான். அரபி இலக்கணமும் ஃபிக்ஹும் தஃப்ஸீரும் அவன் நெஞ்சில் இருக்கின்றன. கல்லூரியின் அரபித் துறையில் விரிவுரையாளர் பணிக்கு அவனைவிடப் பொருத்தமானவர் யார்? அங்கே கேட்பது முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், நெட் அல்லது செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோதான். பாடம் அவனுக்குத் தெரியும். ஆனால் வாசலில் நுழைவதற்கான ஸனது இல்லை. அந்த நாற்காலியில் வேறொருவர் அமர்கிறார். பிறகு, "பல்கலைக்கழகங்களில் நம் மார்க்கத்தைத் தெரியாதவர்கள் பாடம் நடத்துகிறார்கள்" என்று நாமே பயானில் குறைப்படுகிறோம்.

இதற்கு மருந்து மதரஸாவின் நேர அட்டவணையிலேயே இருக்கிறது. ஏழாண்டுகளில் ஒரு மாணவன் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதி முடிக்கலாம். மீதி ஆண்டுகளில் தொலைநிலையில் இளநிலைப் பட்டத்தையும் பெற்றுவிடலாம். ஆலிம் ஸனது வாங்கும் நாளில் அவன் கையில் பி.ஏ.வும் இருக்கும், அதன்பின் இரண்டே ஆண்டுகளில் எம்.ஏ. இப்படிச் செய்துவரும் மதரஸாக்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அவற்றில் ஓதும் தரம் குறைந்துவிடவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும் நடத்தினால் ஈமான் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர், இமாம் கஸ்ஸாலி அமர்ந்து பாடம் நடத்திய பாக்தாத் நிஸாமிய்யாவின் வரலாற்றை மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். அரசு நிறுவிய கல்விக்கூடத்தில் ஆசிரியப் பதவி வகித்தவர்தாம் அவர்.

வேறொரு வழியும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லியா, 1998இல் நிறுவப்பட்ட ஹைதராபாத் மவ்லானா ஆஸாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் ஆகியவை, தாம் அங்கீகரித்த மதரஸாக்களின் சான்றிதழை ஏற்று இளநிலையில் சேர்க்கின்றன. அலிகரில் 2013 முதல் மதரஸா மாணவர்களுக்கென இணைப்புப் படிப்பொன்றும் தொடங்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்க வாசல்களே. பட்டமும் உண்மையான பட்டமே. ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பணிக்கென்று அந்தக் கோப்போடு திரும்பி வரும்போது, "பத்தும் பன்னிரண்டும் எங்கே?" என்ற கேள்வி காத்திருக்கும். அதனால் அலிகருக்குப் போகிற பிள்ளையும் இங்கே பன்னிரண்டை முடித்துவிட்டே போகட்டும். உங்கள் மதரஸாவின் பெயர் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளட்டும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

வழி எதுவாயினும், பணம் கட்டுவதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமன்றி, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, நீங்கள் சேரும் அதே கல்வியாண்டில் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விக் குழு அனுமதி அளித்திருக்கிறதா? பழைமையும் பெயரும் மட்டும் போதா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கான அங்கீகாரம் 2014-15 கல்வியாண்டு வரையே என்று 2022இல் யு.ஜி.சி. பொது அறிவிப்பு வெளியிட்டபோது எத்தனை குடும்பங்கள் திகைத்தன! அங்கீகாரம் ஆண்டுக்காண்டு மாறக்கூடியது. அந்தந்த ஆண்டின் பட்டியலை யு.ஜி.சி. தளத்தில் நீங்களே பாருங்கள்.

இரண்டாவது, அந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்தவே அனுமதி உண்டா? பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியம், மருந்தியல் போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை. யாரேனும் நடத்துவதாகச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பக்கத்துத் தெருவில் பலகை மாட்டியிருக்கும் மையம் யாருடையது? மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் எல்லைக்கு வெளியே தொலைநிலை மையம் வைக்கவோ, தனியாருக்குக் கிளை உரிமம் கொடுக்கவோ விதிகளில் இடமில்லை. கட்டணத்தை மையக்காரரின் கையில் கொடுக்காமல், பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே கட்டி ரசீது வாங்குங்கள்.

நான்காவது, இளநிலைப் பாடமும் முதுநிலைப் பாடமும் பொருந்துகின்றனவா? பி.காம். முடித்தவர் எம்.ஏ. வரலாறு படித்தால் பட்டம் செல்லும், ஆனால் அரசுப் பள்ளியில் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு இரண்டும் ஒரே பாடமாகவோ அதற்கு இணையாகவோ இருக்க வேண்டும், கூடவே பி.எட். வேண்டும். எந்தப் பணியை எண்ணிப் படிக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாவது, அதன்பின் எங்கே? எம்.ஃபில். படிப்பை யு.ஜி.சி. 2022ஆம் ஆண்டு விதிகளில் நிறுத்திவிட்டது. சிறுபான்மை மாணவர்களுக்கான மவ்லானா ஆஸாத் தேசிய ஆய்வு உதவித்தொகையையும் ஒன்றிய அரசு 2022-23 முதல் நிறுத்தியது. ஆய்வுக்குச் செல்ல விரும்புவோர் நெட் தேர்வில் உதவித்தொகைக்கான மதிப்பெண்ணைக் குறிவைத்தே முதுநிலையின் முதல் நாளிலிருந்து படிக்க வேண்டும்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக, நம் ஜமாஅத் நிர்வாகிகளிடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். கல்வி மாநாடு நடத்தச் சொல்லவில்லை. மேடையும் பொன்னாடையும் கேட்கவில்லை.

பட்டம் விற்கும் தரகர்களின் துண்டறிக்கைகளைப் பள்ளிவாசல் வாயிலில் அனுமதிக்காதீர்கள். வட்டிக்கடை விளம்பரத்தை அங்கே ஒட்ட விடுவீர்களா? இதுவும் அதற்குக் குறைந்ததன்று.

மே, ஜூன் மாதங்களில் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மேசை போடுங்கள். படித்த வாலிபர் இருவரை அமர்த்துங்கள். மஹல்லாவில் எவரெவர் எந்தக் கண்ணியில் நிற்கிறார்கள், யாருக்குப் பத்தாம் வகுப்பு பாக்கி, யாருக்குப் பன்னிரண்டு பாக்கி, பட்டத்தோடு நின்றுவிட்ட பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். மையவாடிக்குக் கணக்கு வைத்திருக்கிற நாம் மாணவர்களுக்கும் ஒரு கணக்கு வைக்கலாம்.

தனித்தேர்வர் கட்டணத்தையும் தொலைநிலைக் கட்டணத்தையும் கட்ட முடியாத ஏழைகளுக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவுங்கள். ஸகாத் பெறத் தகுதியுள்ள மாணவருக்கு அதிலிருந்தே கொடுக்கலாம். ஒரு தரகர் ஒரு குடும்பத்திடம் பறிக்கும் தொகையில் இப்படிப் பலரைக் கரை சேர்த்துவிடலாம்.

பிள்ளைகளே! உங்களிடம் நாம் சொல்வது இவ்வளவுதான். பத்தில் நின்றுவிட்டீர்களா, அங்கிருந்து தொடங்குங்கள். முப்பது வயதாகிவிட்டதா, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வறையில் சிறுவர்களோடு அமர வெட்கப்படாதீர்கள். வெட்கப்பட வேண்டியவர் எழுதாத தேர்வுக்குச் சான்றிதழ் வைத்திருப்பவர்தாம். மூன்றாண்டு, ஐந்தாண்டு, ஏன் எட்டாண்டு ஆனாலும் கண்ணி கண்ணியாகச் சேர்த்த பட்டம் உங்களை எந்த மேசையின் முன்னும் தலைகுனிய வைக்காது.

எங்கள் இறைவா! எங்களுக்குப் பயனுள்ள கல்வியையும், தூய்மையான வாழ்வாதாரத்தையும், ஏற்றுக்கொள்ளப்படும் செயல்களையும் அருள்வாயாக. எங்கள் பிள்ளைகளை ஏமாற்றுவோரிடமிருந்தும் ஏமாறுவதிலிருந்தும் காப்பாயாக. ஆமீன்.